மர மட்டையோடு மைதானத்தில் இறங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய டென்னிஸ் மட்டையை எடுத்து ஆட நினைக்கிறவர்கள் கேட்டவை இவை. மரம், எஃகு, 1980-களின் கிராஃபைட் மூன்றையும் இங்கே 'பழையது' என்றே கொள்கிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் பதில் மர மட்டைக்கானது.

வீட்டில் ஒரு மர மட்டை கிடக்கிறது. ஆடத் தகுந்ததா, சுவரில் மாட்டத்தான் லாயக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரைப் பிறகு பாருங்கள். முதலில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். டன்லப் மேக்ஸ்ப்ளை ஃபோர்ட் ஆனாலும் வில்சன் ஜாக் கிரேமர் ஆனாலும், கோணிப்போன மட்டை கோணிப்போனதுதான். தட்டையான மேசைமேல் தலைப்பகுதி மட்டும் படும்படி வைத்து, கைப்பிடியை விளிம்புக்கு வெளியே விடுங்கள். தலையின் ஓரங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினால் ஆடுகிறதா? அடுத்து, கைப்பிடியின் அடியைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பாருங்கள். நுனி ஒரு பக்கமாக 2, 3 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் ஆட்டத்தில் தெரியாது. முறுக்கு விழுந்திருந்தால்தான் தொல்லை. தலையின் ஒரு விளிம்பு மேலேயும் மறு விளிம்பு கீழேயும் போயிருந்தால், நீங்கள் சரியாக அடித்தாலும் பந்து தன் போக்கில் போகும்.

அடுத்தது விரிசல். தேட வேண்டிய இடங்கள் மூன்று: கழுத்தில் இரண்டு கிளைகளுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் ஆப்பு வடிவத் துண்டின் ஓரம், தலையின் மேல்வளைவில் உள்ள ஸ்ட்ரிங் துளைகளுக்கு இடையே, கைப்பிடித் தோல் முடியும் இடத்துக்குச் சற்று மேலே. வார்னிஷ் வெடிப்பு தாறுமாறாக ஓடும், அதனால் பாதகமில்லை. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மரத்தின் நார்ப்போக்கில் நேராக ஓடினால் அது மரத்தின் விரிசல். அந்த மட்டையில் ஸ்ட்ரிங் போடாதீர்கள். விரல் முட்டியால் தலையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகவோ கிறீச்சென்றோ கேட்டால் உள்ளே அடுக்குகள் ஒட்டு விட்டிருக்கும்.

அதில் இருக்கும் பழைய ஸ்ட்ரிங் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே ஆடலாமா?

வேண்டாம். பல வருடம் கிடந்த ஸ்ட்ரிங்கில் இழுவையே இருக்காது, இயற்கை நரம்பாக (மாட்டுக் குடலில் செய்தது) இருந்தால் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு ஓரத்தில் தொடங்கி வரிசையாக வெட்டக் கூடாது. நடுவில் தொடங்கி, நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள். ஒரு பக்க இழுவை மட்டும் திடீரென்று விட்டால், நல்ல ஃபிரேம்கூட அந்த இடத்திலேயே வளைந்துவிடும்.

மர மட்டைக்கு எந்த ஸ்ட்ரிங், எத்தனை பவுண்டு?

இழுத்துக் கட்டும் விசை 45 முதல் 50 பவுண்டு, அதாவது சுமார் 20 முதல் 23 கிலோ. அந்தக் காலத்தில் 55, 60 போட்டார்களே என்று கேட்கலாம். போட்டார்கள், அன்று அந்த ஃபிரேம் புதிது. 1970-களின் ஸ்வீடன் நட்சத்திரம் பியான் போர்க் சுமார் 80 பவுண்டில் ஆடினார் என்பதும் உண்மைதான். அவருடைய டோனே நிறுவன மட்டை அதற்கென்றே பலப்படுத்திச் செய்தது, அதையும் அவர் சளைக்காமல் மாற்றிக்கொண்டே இருந்தார். உங்களிடம் இருப்பது ஒன்றுதான்.

குறைந்த இழுவைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மர மட்டையின் தலை 65 முதல் 70 சதுர அங்குலம், இன்றைய மட்டை 100 சதுர அங்குலம். ஸ்ட்ரிங்கின் நீளம் குறைவாக இருந்தால் அதே பவுண்டில் அது அதிக விறைப்பாக இருக்கும். போதாதற்கு பெரும்பாலும் 18 × 20 (நெடுக்கில் 18, குறுக்கில் 20 இழை) என்ற நெருக்கமான பின்னல் வேறு. 100 சதுர அங்குலத்துக்குப் பழகிய 52 பவுண்டை அப்படியே இதில் போட்டால் பலகையில் அடிப்பதுபோல் இருக்கும்.

ஸ்ட்ரிங் வகையில் இயற்கை நரம்புதான் முதல் தேர்வு. அடுத்தது மல்டிஃபிலமென்ட் (பல நுண்ணிழைகளைச் சேர்த்துச் செய்தது), அதற்கடுத்தது சாதாரண நைலான். தடிமன் 1.25 மில்லிமீட்டர் போதும். பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். அது தரும் சுழற்சிக்கு மட்டை வேகமாகச் சுழல வேண்டும், ஸ்ட்ரிங்குகள் நழுவித் திரும்ப இடமும் வேண்டும். மர மட்டையில் இரண்டுக்கும் வழியில்லை, விறைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

ஸ்ட்ரிங் போடுகிறவர் மர மட்டையைத் தொடவே தயங்குகிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

அவர் தயங்குவது நியாயம்தான், உடைந்தால் பழி அவர்மேல் விழும். "உடைந்தால் என் பொறுப்பு" என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு இவற்றைச் சொல்லுங்கள்.

இயந்திரம் ஃபிரேமை ஆறு இடங்களில் தாங்க வேண்டும். மேலும் கீழும் மட்டும் பிடிக்கும் இயந்திரம் வேண்டாம். பக்கத் தாங்கிகள் மரத்தைத் தொட்டால் போதும், நெரிக்கக் கூடாது.

மர மட்டைகளில் பெரும்பாலும் குரோமெட் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) கிடையாது, ஸ்ட்ரிங் நேராக மரத்துளையிலேயே உரசும். ஆகவே போடுவதற்கு முன் துளைகளின் விளிம்பை, சுருட்டிய மெல்லிய உப்புத்தாளால் தடவி மழுக்க வேண்டும். ஸ்ட்ரிங்கின் நுனியில் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொண்டால் சுலபமாக நுழையும். ஒரே துளையில் இரண்டு ஸ்ட்ரிங் போகும் இடத்தில் துளையூசியைக் குத்தி அகலப்படுத்தவே கூடாது, மரம் பிளந்துவிடும். இரண்டாவது ஸ்ட்ரிங்கின் நுனியைச் சாய்வாக வெட்டிக் கூராக்கி நுழைப்பதே வழி. 1.25 என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெடுக்கு ஸ்ட்ரிங்கை நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் இரண்டுக்கு மேல் முந்தக் கூடாது. நெடுக்கை முடித்துவிட்டு "மீதி நாளைக்கு" என்று விட்டுவிடக் கூடாது. நெடுக்கு மட்டும் இழுத்த நிலையில் தலை நீளத்தில் குறுகி அகலத்தில் விரியும், குறுக்கு ஸ்ட்ரிங்தான் அதைத் திரும்பப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். ஒரே அமர்வில் முடித்தே ஆக வேண்டும்.

இன்றைய மட்டையில் என் ஃபோர்ஹேண்ட் நன்றாக இருக்கிறது. மர மட்டையில் பந்து ஃபிரேமிலேயே படுகிறது. ஏன்?

கொஞ்சம் கணக்கு. மர மட்டையின் ஸ்ட்ரிங் பரப்பு அகலத்தில் சுமார் 20 சென்டிமீட்டர், இன்றைய மட்டையில் 24, 25. பந்தின் விட்டம் ஆறரை சென்டிமீட்டர். அதாவது மர மட்டையில் நடுவிலிருந்து ஏழு சென்டிமீட்டர் விலகினாலே பந்து ஃபிரேமை உரசிவிடும். இப்போது நீங்கள் செமி-வெஸ்டர்ன் பிடியில் (உள்ளங்கை கைப்பிடியின் கீழ்ப்பக்கமாகச் சாயும் பிடி), மட்டையின் முகத்தைக் கொஞ்சம் கவிழ்த்து, கீழிருந்து மேலாகச் செங்குத்தாக வழித்து அடிக்கிறீர்கள். மட்டை பந்தைக் கடக்கும் திசையும் அந்தக் குறுகிய அகலத்தின் திசையும் ஒன்று. நேரம் இம்மி பிசகினாலும் விளிம்புதான் வரும். ஃபிரேமில் படாமல் ஓரத்தில் பட்டாலும் நிம்மதி இல்லை. தலை குறுகலாக இருந்தால் கைக்குள் மட்டை அதிகம் திரும்பும். 1976-ல் ஹோவர்ட் ஹெட் என்ற வடிவமைப்பாளர் பிரின்ஸ் நிறுவனத்தின் 110 சதுர அங்குல மட்டையைக் கொண்டுவந்தது இந்தக் குறையைப் போக்கத்தான்.

ஆகவே மாற்ற வேண்டியது உங்கள் வீச்சை. பிடியை, கைகுலுக்குவதுபோல் பிடிக்கும் ஈஸ்டர்னுக்குக் கொண்டுவாருங்கள். பந்து வலையைத் தாண்டுவதற்குள் தோள் திரும்பி, மட்டை பின்னால் போயிருக்க வேண்டும். 370 முதல் 400 கிராம் எடையைக் கடைசி நொடியில் வேகப்படுத்த முடியாது. பந்தை இடுப்பு உயரத்தில், உடலுக்கு முன்னால் சந்தியுங்கள். வீச்சு நீளமாகவும் கிட்டத்தட்டத் தட்டையாகவும் இருக்கட்டும், மேல்நோக்கிய சாய்வு கொஞ்சம் போதும். மணிக்கட்டைச் சொடுக்காதீர்கள். முதல் அரைமணி நேரம் சர்வீஸ் கட்டத்துக்குள்ளேயே நின்று மெதுவாக ஆடிப் பழகுங்கள்.

பேக்ஹேண்டில் ஸ்லைஸ் (பந்தின் அடியை வழித்து, பின்சுழற்சியோடு அடிப்பது) உங்களுக்கே வியப்பாக வரும். வாலியும் (பந்து தரையில் படுமுன் அடிப்பது) அப்படித்தான், மட்டையின் எடையே பந்தைத் தள்ளும், நீங்கள் நிறுத்திக் காட்டினால் போதும்.

சர்வ் எப்படி?

தட்டையாக அல்லது ஸ்லைஸாக (பக்கச் சுழற்சியோடு). கான்டினென்டல் பிடி (சுத்தியலைப் பிடிப்பதுபோல்), முழு நீள வீச்சு, பந்தைச் சற்று முன்னால் தூக்கிப்போடுங்கள். தரையில் பட்டு உயர எகிறும் கிக் சர்வ் போட முயன்றால் தோள்தான் வலிக்கும், பந்து எகிறாது.

எனக்கு முழங்கை வலி உண்டு. மர மட்டை நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். மர ஃபிரேம் நன்றாக வளையும், எடையும் அதிகம். நடுவில் பட்டால் கைக்கு வரும் அதிர்ச்சி, லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும் இன்றைய பல மட்டைகளைவிடக் குறைவு. ஆனால் களைத்தபின் மட்டை தாமதமாக வரும். தாமதமான பேக்ஹேண்டை முழங்கையை முன்னே விட்டு இழுக்கத் தோன்றும், வலி அங்கேதான் தொடங்கும். 20, 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள், பிடியை இறுக்காதீர்கள். வலி இப்போதே இருக்கிறதென்றால் அது ஆறும்வரை எந்த மட்டையும் வேண்டாம்.

கைப்பிடியில் "4 5/8 L" என்று இருக்கிறது. என் அளவு 4 3/8. சரிசெய்ய முடியுமா?

4 5/8 என்பது பிடியின் சுற்றளவு, அங்குலத்தில். L என்பது எடை வகை, லேசானது என்று பொருள். M என்று இருந்தால் நடுத்தரம்.

மர மட்டையில் அளவைக் குறைப்பது சாத்தியம், ஏனென்றால் பெரும்பாலும் தோலுக்கு அடியில் இருப்பதும் மரமே. தோலை அவிழ்க்கும்போது அடியில் சிறு ஆணிகள் இருக்கும், குறடால் நிதானமாக எடுங்கள். முதலில் தோலுக்குப் பதில் மெல்லிய ஓவர்கிரிப் பட்டையை மட்டும் சுற்றிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும். போதாவிட்டால் இழைக்கலாம். சுற்றளவில் 1/8 அங்குலம் குறைய, எட்டு முகங்களிலும் சுமார் அரை மில்லிமீட்டர் எடுத்தால் ஆயிற்று. உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேயுங்கள். வெறும் கையால் தேய்த்தால் முகங்களின் விளிம்பு மழுங்கி, கைப்பிடி உருளையாகிவிடும். பிறகு மட்டையின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. கைப்பிடியை ஃபோமில் வார்த்த கிராஃபைட் மட்டைகளில் இதைச் செய்யாதீர்கள்.

மட்டை கோணாமல் அழுத்திப் பிடிக்கும் சட்டமான பிரஸ் அவசியமா?

ஸ்ட்ரிங் போட்ட மர மட்டைக்கு, ஈரப்பதம் ஏறி இறங்கும் இடமென்றால், ஆம். நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் பிரஸ்ஸே மட்டையைக் கோணலாக்கும். ஸ்ட்ரிங் இல்லாத மட்டைக்கு அது தேவையில்லை. சுவரில் சாய்த்து வைக்காமல் தொங்கவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், சூட்டில் ஒட்டுப்பசை இளகும்.

மரம் பயமாக இருக்கிறது. 1980-களின் கிராஃபைட்டில் தொடங்கலாமா?

தாராளமாக. எங்களைக் கேட்டால் பலருக்கு அதுதான் சரியான வழி. வில்சன் புரோ ஸ்டாஃப் 85 சதுர அங்குலம். எட்பெர்க்கும் சாம்ப்ராஸும் ஆடியது. மெக்கென்ரோவும் கிராஃபும் பயன்படுத்திய டன்லப் மேக்ஸ் 200ஜி இன்னும் மென்மையானது, மரத்தின் குணம் அதில் மிச்சமிருக்கிறது. பழைய விறைப்பற்ற தொடுகை கிடைக்கும், தலை கோணிப்போகும் கவலை இல்லை.

இங்கே பார்க்க வேண்டியது குரோமெட். பழைய பிளாஸ்டிக் காய்ந்து உடையும். உடைந்த இடத்தில் ஸ்ட்ரிங் நேராகக் கிராஃபைட்டின் கூர்விளிம்பில் உரசி அறுந்துபோகும். முழுத் தொகுதி கிடைக்காவிட்டால், உடைந்த துளைக்குள் மட்டும் சிறு டெஃப்ளான் குழாயை வெட்டிச் செருகலாம்.

வில்சன் டி2000 கிடைத்திருக்கிறது. வாங்கலாமா?

அமெரிக்க வீரர் ஜிம்மி கானர்ஸ் ஆடிய எஃகு மட்டை, 1967-ல் வந்தது, பிரெஞ்சு வீரர் ரெனே லாகோஸ்ட்டின் வடிவமைப்பு. பார்க்க அழகு. ஆனால் ஸ்ட்ரிங் துளைகளில் போகாது, ஃபிரேமைச் சுற்றியிருக்கும் கம்பி வளையங்களில்தான் போகும். அதைப் போடத் தெரிந்தவர் அருகில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

போட்டியில் மர மட்டை அனுமதி உண்டா? எதிரே புது மட்டை இருந்தால் சமாளிக்க முடியுமா?

விதியில் தடை இல்லை. மொத்த நீளம் 29 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், மர மட்டை 27-தான். சமாளிப்பது வேறு விஷயம். யானிக் நோவா 1983-ல் பிரெஞ்ச் ஓபனை மர மட்டையில் வென்றார், கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் மரத்துக்குக் கடைசி வெற்றி அது. 1991-ல் மான்டி கார்லோவில் போர்க் மர மட்டையோடு திரும்பி வந்து ஜோர்டி அரெஸ்ஸேயிடம் 2-6, 3-6 என்று தோற்றார்.

தோளுக்கு மேல் எகிறும் டாப்ஸ்பின் (முன்சுழற்சி) பந்துதான் உங்கள் எதிரி. பின்னால் போய்க் காத்திருக்காதீர்கள். பந்து எழும்போதே ஸ்லைஸால் தாழ்வாகத் திருப்பிவிட்டு வலைக்கு ஏறுங்கள். களிமண் தரையில் இது கஷ்டம், பந்து தாழ்ந்து வரும் புல்தரையில் சுலபம். சமமான ஆட்டம் வேண்டுமென்றால் இருவரும் மர மட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து மட்டும் புதிதாக, அழுத்தம் அடைத்ததாக இருக்கட்டும். அழுத்தமில்லாத பயிற்சிப் பந்து கடினமானது, பழைய ஃபிரேமுக்கும் உங்கள் கைக்கும் ஆகாது.