அண்ணாச்சி பதில்கள்: லாட்ஜ் அறையில் ஒரு கவிஞர்

துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்குமான பகுதி இது. பதில் சொல்பவர் திருநெல்வேலி வட்டாரக் காவல் நிலையங்களில் ரைட்டராக, அதாவது வழக்கு விவரங்களையும் வாக்குமூலங்களையும் எழுதும் போலீஸ்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: அண்ணாச்சி, என் நாவலில் எழுபத்தைந்து வயதுக் கவிஞர் ஒருவர் ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் இறந்து கிடக்கிறார். அன்று சாயங்காலம் அவருக்குப் பாராட்டு விழா. மேஜையில் கைப்பட எழுதிய கடிதம் இருப்பதால் எல்லோரும் தற்கொலை என்கிறார்கள். என் துப்பறிவாளர் விசித்திரமான ஆள். தலையில் எப்போதும் ஈரத்துண்டு, பூனையோடு பேச்சு, ஒற்றைக் காலில் நின்று யோசிப்பார். இது போதுமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, ஈரத்துண்டை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே ஓடும் என்றால் அந்தத் துண்டு வேண்டாம். மற்றவர் கண்ணில் படாத ஒன்று அவர் கண்ணில் படுவதற்கு அவருடைய விசித்திரமே காரணமாக இருக்க வேண்டும். அந்த விசித்திரம் எங்கிருந்து வந்தது என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும்.

நானாக இருந்தால் அவரைப் பழைய கம்பாசிட்டர் ஆக்குவேன். டவுனில் ஈய எழுத்து அச்சகத்தில் ஆயுள் முழுவதும் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கும். வரியைத் தலைகீழாக வைத்துத்தான் கோப்பார்கள், படிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் உங்கள் ஆள் எதையும் தலைகீழாக வைத்தே படிக்கிறார் என்று வையுங்கள். கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான் பிடிப்பார். ஊரில் அவரை ஒரு மாதிரி என்பார்கள். ஆனால் எஸ்.ஐ.க்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேஜை மேல் விரித்துக் கிடக்கும் கேஸ் கட்டை அவரால் சரளமாகப் படித்துவிட முடியும்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருந்தது. ணா, றா, னா போன்றவற்றின் வடிவமும் வேறு. உங்கள் கவிஞர் அந்த ஆணைக்கு வெகுகாலம் முன்பே பள்ளிக்கூடம் போனவர். அந்தத் தலைமுறையில் பலர் இன்றும் கையால் எழுதும்போது தும்பிக்கை போட்டுத்தான் எழுதுகிறார்கள். கடிதத்தில் ‘வாழ்க்கை போதும், கவலை இல்லை’ என்று ஒரு வரி இருக்கட்டும். இரண்டு லையும் இன்றைய லை. அந்தக் கவிஞரின் முதல் தொகுப்பைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து கோத்ததே நம் கம்பாசிட்டர்தான். பழைய லைக்கென்று தனி அச்சு இருந்தது, அது எந்தக் கட்டத்தில் கிடக்கும் என்பது அவர் விரல்களுக்கு இன்னும் நினைவிருக்கும். கடிதத்தைத் தலைகீழாகப் பார்த்த கணமே அவருக்கு இடறும்.

அதோடு முடித்துவிடாதீர்கள். இடையில் புது எழுத்துக்கு மாறிய பெரியவர்களும் உண்டு. ஆகவே கவிஞர் கடைசி சில மாதங்களில் எழுதிய தபால்கள் நாலைந்தாவது வேண்டும். அவற்றைத் தேடித் துப்பறிவாளர் வீடு வீடாகப் போவதுதான் உங்கள் நாவலின் நடு பாகம். கையெழுத்து நிபுணர் சொல்வதையும் நீதிமன்றம் ஒரு கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்குத் துணையாக வேறு சாட்சியம் எதிர்பார்க்கும்.

கேள்வி: ஐயா, மறுநாள் காலையிலேயே பிரேத பரிசோதனை அறிக்கை துப்பறிவாளர் கைக்கு வந்துவிடுவதாக எழுதலாமா?
— ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: வராதும்மா. லாட்ஜ் மேனேஜர் புகார் கொடுத்ததும் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகும். முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 174. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 194. கதை எந்த வருஷத்தில் நடக்கிறது என்று பார்த்து எண்ணைப் போடுங்கள். அப்புறம் அந்தப் பகுதிப் பெரியவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு பிரேத விசாரணை. உடல் கிடந்த நிலை, காயம், கையில் பிடித்திருந்தது, சட்டைப்பையில் இருந்தது எல்லாம் எழுத்தில் ஏறும். புதுச் சட்டப்படி அந்த அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

உடல் போவது ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு. விஷச் சந்தேகம் இருந்தால் இரைப்பை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் போட்டு, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்தப் பதில் வர வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள் ஆகும். அதுவரை டாக்டர் இறுதிக் கருத்தை நிறுத்தி வைத்திருப்பார்.

இந்தக் காத்திருப்பைக் கதைக்குத் தடை என்று நினைக்காதீர்கள். கவிஞரின் மகள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்று ‘ரிப்போர்ட் வந்துட்டா’ என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுவதை எழுதுங்கள். அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற போலீஸ்காரர் ஒருவரும் கதையில் இருக்கட்டும்.

துப்பறிவாளருக்குச் சோதனை போடவோ யாரையும் அழைத்து விசாரிக்கவோ அதிகாரம் கிடையாது. குடும்பத்துக்கு வேண்டியவர் என்ற முறையில்தான் அவர் எங்கும் நுழைய முடியும்.

கேள்வி: பரிசோதனையில் தெரியாத விஷம் ஏதாவது இருக்கிறதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வள்ளியூர்

பதில்: விஷம் பற்றிய விவரம் எதையும் இந்தப் பகுதியில் எழுத மாட்டேன். கதைக்கு ‘விஷம்’ என்ற ஒரு சொல் போதும். மனசு சரியில்லாமல் இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் 104-க்குப் பேசுங்கள். ராத்திரியானாலும் எடுப்பார்கள்.

கேள்வி: எழுத்தாளர் மரணத்தை விசாரிக்கிற போலீஸ், அவர் எழுதியதைப் படிப்பார்களா?
— கல்லூரி மாணவி, சங்கரன்கோவில்

பதில்: படிக்க வேண்டும். இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது அது ஒன்றுதான்.

ஒரு கிராமத்தில் வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர் கிணற்றில் இறந்து கிடந்தார். பெண்சாதி போன துக்கம், அதனால் குதித்துவிட்டார் என்று ஊரே சொன்னது. கைப்பற்றிய பொருள் பட்டியலில் ‘பழைய நோட்டு 1’ என்று எழுதியது நான்தான். எழுதிவிட்டு ராத்திரி பாரா (காவல்) நேரத்தில் அதைப் பிரித்துப் படித்தேன். பாதி நோட்டு சுடலைமாடன் கதை. கடைசிப் பக்கங்களில் அடுத்த வாரம் பாடப் போகிற கோயில் கொடைக்குப் புதிதாகக் கட்டிய வரிகள். ஒரே அடியை மூன்று விதமாக எழுதி, இரண்டை அடித்து, பக்கத்தில் ‘குடத்துக்காரனிடம் கேட்க’ என்று, கூடக் குடம் அடிப்பவரைக் குறித்திருந்தார். கேட்கலாம் என்று குறித்து வைத்தவர் மறுநாளை எதிர்பார்த்திருக்கிறார். விடிந்ததும் இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பக் கிணற்றுக்குப் போனார். கைப்பிடிச் சுவர் இடிந்த பக்கம் பாசியில் கால் வழுக்கிய தடமும், கீழே படியில் மாட்டிக்கிடந்த வாளிக் கயிறும் அப்போதுதான் கண்ணில் பட்டன. விபத்து என்று வழக்கு முடிந்தது. புலவரின் மகனுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவன் முகத்தில் பார்த்தேன்.

உங்கள் துப்பறிவாளரும் இறந்தவரின் எழுத்தை முழுக்கப் படிக்கட்டும். அச்சில் வந்ததோடு நிறுத்தாமல், அடித்ததையும் ஓரத்தில் குறித்ததையும் படிக்கட்டும்.

கேள்வி: வ.வே.சு. ஐயர் எங்கள் பக்கத்தில்தான் இறந்தார். அதில் மர்மம் இருப்பதாக வைத்து எழுதலாமா?
— வாசகர், சேரன்மகாதேவி

பதில்: வேண்டாம் என்பது என் கருத்து. 1925 ஜூனில், பாபநாசம் அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், நீரில் சிக்கிய மகள் சுபத்திராவைக் காப்பாற்ற இறங்கி அவரும் போனார். பெல்லாரிச் சிறையில் இருந்தபடி கம்பனை ஆராய்ந்து எழுதியவர். அவர் நடத்திய சேரன்மகாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதால் எழுந்த பெரும் சண்டை அடங்காத நேரம் அது. அதை வைத்துக்கொண்டு மனம் உடைந்து போனார், அவராகவே செய்துகொண்டார் என்று பேசுவது சுலபம். தனிப் பந்தியை எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சண்டை வேறு, பிள்ளை நீரில் போகும்போது தகப்பன் இறங்குவது வேறு. அங்கே பாறை எப்படி வழுக்கும், நீர் எப்படி இழுக்கும் என்பது தாமிரபரணிக் கரையில் பிறந்த உங்களுக்குத் தெரியாததா?

குருகுலச் சண்டையைப் பின்னணியாக வைத்து, கற்பனை மனிதர்களைக் கொண்டு தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மாப்பிள்ளை பாரதியை யானை கொன்றுவிட்டது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?
— வாசகர், கடையம்

பதில்: துப்பறிவாளர் மாதிரி நாள் கணக்குப் போடுங்கள் தம்பி. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது 1921 ஜூன் வாக்கில். குவளைக் கண்ணன் இழுத்துக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு பாரதி ‘சுதேசமித்திர’னுக்கு வேலைக்குப் போனார். ஈரோடு கருங்கல்பாளையத்துக்குப் பயணம் செய்து ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசினார். அவர் உயிர் போனது செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, வயிற்றுக்கடுப்பில். வயது 38. உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது உண்மை. மருந்து குடிக்க மறுத்ததாகவும் சொல்வார்கள். யானை அடித்தே செத்தார் என்றால் நடுவில் உள்ள வேலையும் பயணமும் எங்கே போவது?

கேள்வி: எழுத்துலகத்தில் கொலை செய்யும் அளவுக்கு என்ன பணம் இருக்கிறது?
— வாசகி, தென்காசி

பதில்: பணம் குறைவுதான். சாகித்திய அகாதெமி விருதுத் தொகையே ஒரு லட்சம். ஆனால் எழுத்தாளர் இறந்த பிறகும் 60 வருஷம் பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. நாட்டுடைமை ஆனால் அரசு தரும் தொகையும் அவர்களுக்கே. அண்ணன் தம்பி பகைக்கு அது போதும். அச்சேறாத கையெழுத்துப் பிரதியைத் தன் பெயரில் போட நினைக்கும் சீடன் இன்னும் வலுவான ஆள்.

கேள்வி: திருநெல்வேலிக் கதையில் அல்வா வர வேண்டுமா?
— வாசகர், களக்காடு

பதில்: வேலை இருந்தால் வரட்டும். இருட்டுக்கடை திறப்பது சாயங்காலம். ‘மத்தியானம் அங்கே வரிசையில் நின்றேன்’ என்று ஒருவன் சொன்னால் உள்ளூர்க்காரர் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: உரையாடலை நம் ஊர்ப் பேச்சில் எழுதினால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா?
— வாசகர், நாங்குநேரி

பதில்: புரியும், எழுதுங்கள். அதிலேயே ஒரு துப்பும் இருக்கிறது. லாட்ஜ் பையன் எஸ்.ஐ.யிடம், ‘ராத்திரி அவுகளப் பாக்க வந்தாவ சார், பத்து மணிக்குப் போயிட்டாவ’ என்கிறான். வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ரைட்டர் அதை ‘சிலர் வந்தார்கள், சென்றார்கள்’ என்று வாக்குமூலத்தில் எழுதிவிடுகிறார். போலீஸ் ஒரு கும்பலைத் தேடுகிறது. கம்பாசிட்டர் அந்தத் தாளை எதிரே இருந்து தலைகீழாகப் படித்துவிட்டு, பையனிடம் போய் ‘எத்தன பேருல வந்தாவ?’ என்று கேட்கிறார். ‘ஒருத்தருதான் அண்ணாச்சி, பெரியவுக’ என்கிறான் பையன். நம் ஊரில் மரியாதைக்குரிய ஒருவரையும் ‘வந்தாவ’ என்றுதான் சொல்வோம். அந்த ஒருவர் யார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.