மகளைப் பாரிஸுக்கு அனுப்புவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் டிசைன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு செமஸ்டர் பாரிஸில் படிக்க எக்ஸ்சேஞ்ச் இடம் கிடைத்திருக்கிறது. செய்தி வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். மறுநாளே என் மைத்துனர் 2015 பாரிஸ் தாக்குதல் வீடியோக்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து என் மனைவி சரியாகத் தூங்குவதில்லை. கல்லூரியோ, தீவிரவாதத் தாக்குதல் உட்பட எதற்கும் தாங்கள் பொறுப்பல்ல என்று ஓர் அண்டர்டேக்கிங்கில் கையெழுத்துக் கேட்கிறது. அதைப் படித்தபின் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. எப்போதோ எங்கோ நடப்பதற்குப் பயந்து படிப்பை விடுவது முட்டாள்தனமா? இந்தப் பயத்தால் மாணவர்கள் வெளிநாடு போவது உண்மையிலேயே குறைகிறதா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

முட்டாள்தனம் இல்லை. 2015 நவம்பர் 13 இரவு பாரிஸில் கொல்லப்பட்ட 130 பேரில் ஒருவர், உங்கள் மகளைப் போலவே ஒரு செமஸ்டர் டிசைன் படிக்க கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த 23 வயது மாணவி. நண்பர்களோடு சாப்பிடப் போயிருந்தார், அவ்வளவுதான். அதனால் ‘அதெல்லாம் நடக்காது’ என்று மனைவியிடம் சொல்லாதீர்கள். நடந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியும், உங்கள் மைத்துனர் புண்ணியத்தில்.

இதைவிடப் பெரிதாகவும் நடந்திருக்கிறது. 1988 டிசம்பர் 21 அன்று லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பிய பான் ஆம் 103 விமானம், ஸ்காட்லாந்தில் லாக்கர்பி என்ற சிறிய ஊருக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் இறந்தார்கள். கீழே ஊரில் 11 பேர். அந்த 259 பேரில் 35 பேர் மாணவர்கள். அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத் திட்டத்தின் கீழ் லண்டனிலும் ஃப்ளாரன்ஸிலும் படித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

அந்தப் பெற்றோர்களை ஆத்திரப்படுத்திய இன்னொரு விஷயம் பிறகு வெளியே வந்தது. டிசம்பர் 5ஆம் தேதியே ஹெல்சிங்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு மிரட்டல் போன் வந்திருக்கிறது: ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும் பான் ஆம் விமானம் ஒன்றில் இரண்டு வாரத்துக்குள் குண்டு வைக்கப்படும் என்று. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மாணவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த போன் புரளி, குண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள் விசாரித்தவர்கள். இருக்கட்டும். தூதரக ஊழியருக்குத் தெரியலாம், என் பிள்ளைக்குத் தெரியக்கூடாதா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாதே. 1990இல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்புச் சட்டம் வந்ததில் அந்தக் குடும்பங்களின் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சிராக்யூஸ் தன் வெளிநாட்டுப் படிப்புத் திட்டத்தை இழுத்து மூடவில்லை. லண்டனிலும் ஃப்ளாரன்ஸிலும் இன்றைக்கும் நடத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் கடைசி வருட மாணவர்கள் 35 பேருக்கு, இறந்தவர்களின் நினைவாக உதவித்தொகை கொடுக்கிறது. லாக்கர்பி பள்ளியில் படித்து முடித்த இருவர் ஆண்டுதோறும் சிராக்யூஸ் வந்து ஒரு வருடம் படிக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள், வயல்களில் சிதறிக் கிடந்த துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அந்தந்தக் குடும்பங்களுக்கு அனுப்பியவர்கள். அந்த உறவு அங்கிருந்து தொடங்குகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குறைகிறதா? நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2001 செப்டம்பர் 11க்கு முந்தைய கல்வியாண்டில் படிப்புக்காக வெளிநாடு போன அமெரிக்க மாணவர்கள் சுமார் 1,54,000 பேர். தாக்குதல் நடந்த அந்தக் கல்வியாண்டில் சுமார் 1,61,000 பேர். கூடியிருக்கிறது! போகிற இடம்தான் மாறும். அந்த வருடங்களில் இஸ்ரேலுக்குப் போகிற அமெரிக்க மாணவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். 2002 ஜூலை 31 அன்று ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழக கேன்டீனில் குண்டு வெடித்து 9 பேர் இறந்தார்கள், அவர்களில் 5 பேர் அமெரிக்கர்கள். அதற்கு முன்பே பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அங்கே அனுப்புவதை நிறுத்தியிருந்தன. சில மாணவர்கள் சொந்தக் கல்லூரியில் விடுப்புப் போட்டுவிட்டுத் தாங்களாகவே போய்ப் படித்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகளை அப்படியெல்லாம் நிறுத்திவிட முடியாது, உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

குடும்பங்களின் பயம் சில மாதங்களில் அடங்கிவிடுகிறது. என்னை அதிகம் யோசிக்கவைப்பது அரசாங்கங்களின் பயம். அது படிவமாகவும் கட்டணமாகவும் மாறி நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது. 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் முதல்முறை குண்டு வைத்தவர்களில் ஒருவர் மாணவர் விசாவில் வந்தவர். வெளிநாட்டு மாணவர்களைக் கணினியில் கண்காணிக்க வேண்டும் என்று 1996இல் சட்டம் போட்டார்கள். பல்கலைக்கழகங்கள் முணுமுணுத்தன, வேலை இழுத்துக்கொண்டே போனது. 2001 தாக்குதலில் ஈடுபட்ட 19 பேரில் மாணவர் விசாவில் நுழைந்தவர் ஒருவர்தான். ஆங்கிலம் படிக்கப் பதிவு செய்துவிட்டு வகுப்புப் பக்கமே போகாதவர். அப்புறம் நடந்தது கூத்து. தாக்குதல் நடந்து சரியாக ஆறு மாதம் கழித்து, விமானங்களை ஓட்டிப்போய் மோதி இறந்த இருவருக்கு மாணவர் விசா தகுதி வழங்கப்பட்டதாக ஃப்ளோரிடாவில் அவர்கள் படித்த விமானப் பயிற்சிப் பள்ளிக்குக் குடியேற்றத் துறையிடமிருந்து கடிதம் போனது. நாடே சிரித்தது, கொதித்தது. கண்காணிப்பு முறை 2003இல் முழுவீச்சில் வந்துவிட்டது. அதுதான் செவிஸ். இடம் கொடுத்ததற்கு அமெரிக்கக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் கையில் வந்ததும் நம் ஊர்ப் பிள்ளைகள் 350 டாலர் கட்டுகிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான்.

அதே ஆண்டு விசாவுக்கு நேர்காணலும் ஏறக்குறைய எல்லாருக்கும் கட்டாயமானது. 2003–04இல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 2.4 சதவீதம் சரிந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அப்படி ஒரு சரிவு இல்லை. (இந்தியர்கள் குறையவில்லை. நாம் எந்த வரிசையிலும் நின்றுவிடுவோம்.)

நம் நாடு மட்டும் வேறா? 2021 ஆகஸ்டில் காபூலைத் தாலிபான் பிடித்த பத்தே நாளில், ஆப்கானியர்களுக்குக் கொடுத்திருந்த விசாக்களை இந்தியா ரத்து செய்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இடம் வைத்திருந்து, கொரோனா விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தாலிபானுக்குப் பயந்து வகுப்புக்குத் திரும்பத் துடித்தவர்கள், தாலிபான் பெயரைச் சொல்லி வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதில் பெண்களும் உண்டு. உங்கள் மகளுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்க ஓர் அப்பாவாவது இருக்கிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2016 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலும் மெட்ரோவிலும் குண்டு வெடித்து 32 பேர் இறந்ததை உலகமே பார்த்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஸ்பெயினில் வாலென்சியா திருவிழா பார்த்துவிட்டு பார்சிலோனா திரும்பிய பேருந்து ஒன்று கவிழ்ந்தது. இறந்த 13 பேரும் மாணவிகள், எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். அந்த வீடியோ உங்கள் மைத்துனரிடம் இருக்காது. மகளிடம் பேச வேண்டுமென்றால் இரவு நேர பஸ் பயணம், குடித்துவிட்டு வண்டி ஓட்டும் நண்பர்கள், முதல் மாதத் தனிமை இவற்றைப் பற்றிப் பேசுங்கள். பாரிஸில் துப்பாக்கியோடு ரோந்து போகும் ராணுவ வீரர்களைப் பார்த்து அவள் போட்டோ அனுப்பினால் பதறாதீர்கள். 2015 ஜனவரியிலிருந்து அங்கே அது வாடிக்கை.

அண்டர்டேக்கிங் கேட்கிற கல்லூரிக்குக் கோர்ட் பயம். கையெழுத்துப் போடும் முன் பதிலுக்கு நீங்களும் எழுத்தில் கேளுங்கள்: ஏதாவது நடந்தால் பாரிஸில் அவளை முதலில் கூப்பிடப் போவது யார், அவருடைய நம்பர் என்ன, செமஸ்டர் பாதியில் திரும்பி வந்தால் மதிப்பெண் என்னவாகும், கட்டிய பணம் என்னவாகும்? இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, தீவிரவாதத் தாக்குதலுக்குப் பணம் கிடையாது என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போனதும் இந்தியத் தூதரகத்தில் அவள் பதிவு செய்துகொள்ளட்டும். இதையெல்லாம் உங்கள் மனைவி உட்கார்ந்திருக்கும்போதே செய்யுங்கள், போனில் தனியாக முடித்துவிடாதீர்கள். பதில் சொல்ல முடியாமல் கல்லூரி மழுப்பினால், அப்போது அனுப்ப யோசிக்கலாம். பதில் ஒழுங்காக வந்தால் டிக்கெட் போடுங்கள், செப்டம்பர் நெருங்க நெருங்க விலை ஏறும்.