ஸ்ரீபுரந்தான் நடராஜரும் உங்கள் மேற்படிப்பும்

கேள்வி: கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. முடித்துவிட்டு, ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் தற்காலிக உதவியாளராக இருக்கிறேன். கோயில் சிற்பம், செப்புத் திருமேனி என்றால் எனக்கு உயிர். கலை வரலாறு படிக்க ஆசை. அப்பாவோ, "லைப்ரரி சயின்ஸ் படிம்மா, வேலைக்கு ஒரு வழி இருக்கும்" என்கிறார். அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்தே முதுகலை படிக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதிலிருந்து, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கித் தருகிறேன் என்று அப்பாவே சொல்கிறார். போகலாமா? அல்லது இது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதைத் தீர்த்துக்கொண்டால் மற்றவை தானாகத் தெளியும்.

உங்கள் ஊரிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான். அங்கே பிரகதீஸ்வரர் கோயிலில் இருந்த சோழர் கால நடராஜர் திருடு போனார். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் அவரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. சிலை வெகு காலத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்று காட்டும் காகிதங்களும் கூடவே போயின. அந்தக் காகிதங்களைப் பொய்யாக்கியது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையத்தின் படத்தொகுப்பில், 1994-இல் அதே நடராஜர் ஸ்ரீபுரந்தானில் இருக்கும் படம் கிடைத்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார். அதே நாளில் திரும்பி வந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் சிட்னியில் ஒரு கலைக்கூடத்தில் இருந்தவர். அவருக்கும் சாட்சி சொன்னது அதே நிறுவனம் 1974-இல் எடுத்த படம்தான்.

இதில் யாருடைய படிப்பு வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். படத்தில் இருப்பவரும் கான்பெராவில் இருப்பவரும் ஒருவரே என்று சொல்ல, சிலையைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். சோழர் திருமேனிகள் மெழுகு வார்ப்பில் பிறந்தவை: மெழுகில் செய்த உருவத்தின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். வார்ப்பு முடிந்ததும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுப்பார்கள். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று அப்படியே அமையாது. திருவாசியின் சுடர்கள், விரிசடையின் அமைப்பு, பீடத்தின் விளிம்பு, தேய்ந்த இடம், ஒடிந்த முனை எல்லாம் கைரேகை மாதிரி. இதைப் படிக்கத் தெரிவது கலை வரலாறு. ஆனால் புதுச்சேரித் தொகுப்பில் இருப்பவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வருடம் என்ற குறிப்பு படத்தோடு இல்லாமல் போயிருந்தால், நீதிமன்றமும் அருங்காட்சியகமும் அதை அழகான பழைய படம் என்று பார்த்துவிட்டு நகர்ந்திருக்கும். அந்தக் குறிப்பை எழுதிவைத்துக் காப்பாற்றி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும்படி வைத்திருப்பது நூலகத் தகவல் அறிவியல். நடராஜரை ஊர் திரும்ப வைத்ததில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

ஆகவே நீங்கள் பயப்படுகிற மாதிரி இவை இரண்டு வேலைகள் அல்ல. ஒரு பொருளைப் பார்த்துப் புரிந்துகொண்டு, முகம் தெரியாத ஒருவர் பின்னால் தேடி வரும்போது அது அவர் கையில் கிடைக்கும்படி எழுதிவைப்பது ஒரே வேலைதான். அதில் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பாதி, உங்களுக்குப் பாதி என்று பங்கு பிரிக்கிற எண்ணத்தில் மட்டும் இந்தப் படிப்பை எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் வகுப்பில் பாதி நேரம் உங்களுக்குத் தண்டனையாகத்தான் இருக்கும்.

இந்தத் துறையின் சிந்தனைக்கு நம் மண்ணிலும் ஒரு வேர் இருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். எந்தப் பொருளையும் ஒரே பெட்டியில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது 1933-இல் வெளிவந்த, நூல்களை வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்பு முறையின் அடிப்படை. எது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்தாகப் பிரிப்பார். இதை ஒரு திருமேனிக்குப் பொருத்திப் பாருங்கள்: நடராஜர், செம்புக் கலவை, மெழுகு வார்ப்பு, ஸ்ரீபுரந்தான், சோழர் காலம். இன்று உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியமும் இப்படி முகம் முகமாகப் பிரிக்கிற முறையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றே திறந்து பாருங்கள்.

ஆனால் நம் பொருள்களை எழுத இருக்கிற கருவிகள் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி எண்கள் இருக்குமே, 200-களைக் கவனித்திருக்கிறீர்களா? 220 முதல் 280 வரை கிறிஸ்தவம். மற்ற எல்லா மதங்களும் 290-க்குள். படங்களில் உள்ள காட்சிகளுக்கு எண் கொடுக்க லெய்டனில் உருவான ஐகான்கிளாஸ் முறையிலும் விவிலியத்துக்கு ஒரு முழுப் பிரிவு, கிரேக்க ரோமானியப் புராணத்துக்கு ஒரு முழுப் பிரிவு. சிவனின் வடிவங்களான நம் சோமாஸ்கந்தரும் பிட்சாடனரும் கிறிஸ்தவம் அல்லாத மதங்கள் என்கிற ஒரு கிளையில் இடுங்கி நிற்க வேண்டும். ஐரோப்பிய ஓவியங்களுக்காக உருவான முறை என்பதால் அப்படி. அதைச் சரிசெய்ய, ஆகமமும் சிற்ப இலக்கணமும் தெரிந்த, அதே சமயம் மெட்டாடேட்டா, அதாவது ஒரு பொருளைத் தேடி எடுக்க உதவும் விவரக் குறிப்பு, எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. அந்த இடத்துக்கு நீங்கள் வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சரி, அமெரிக்கா. உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது உண்மை. நியூயார்க்கின் பிராட் இன்ஸ்டிடியூட், ப்ளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகம், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் ஆகியவை இந்த இரட்டை முதுகலைக்குப் பெயர் பெற்றவை. இரண்டு துறைகளும் உங்களைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று சரி என்று சொல்லி மற்றொன்று மறுப்பதும் நடக்கும். சில பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் வருவதால், தனித்தனியே படித்தால் நான்கு வருடம் ஆவது ஏறத்தாழ மூன்றில் முடியும். நூலகப் பட்டத்துக்கு அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அது இல்லாத பட்டத்தை அங்குள்ள நூலகங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கலை வரலாற்றுத் துறைகள் பெரும்பாலும் இன்னொரு மொழியில் வாசிக்கும் திறனைக் கேட்கும். வழக்கமாக ஜெர்மன் அல்லது பிரெஞ்சு. இந்தியக் கலை என்றால் சமஸ்கிருதத்தையோ தமிழையோ ஏற்பார்களா என்று துறைக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் பி.எஃப்.ஏ. நான்கு வருடப் படிப்பு என்பது உங்களுக்குச் சாதகம். மூன்று வருட இளங்கலை முடித்தவர்களுக்கு அங்கே பல இடங்களில் சிக்கல் வருகிறது.

ஆனால் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் போவது எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவிலேயே கலை நூலகர் பணியிடங்கள் கொஞ்சம்தான். பல்கலைக்கழகங்களும் பெரிய அருங்காட்சியகங்களும் எப்போதாவது ஒரு இடத்துக்கு விளம்பரம் கொடுக்கும், அதற்கு அந்த நாட்டுக்காரர்களே நிறையப் பேர் வரிசையில் நிற்பார்கள். இப்போதைய விதிப்படி படித்து முடித்தபின் பொதுவாக 12 மாதம்தான் அங்கே வேலை பார்க்க அனுமதி. அதன்பின் உங்களுக்காக விசா செலவு செய்ய ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். டாலர் செலவுக்காக வாங்கிய கடனை இங்கே ஒரு நூலகர் சம்பளத்தில் அடைப்பது உங்கள் அப்பாவின் தூக்கத்தைப் பறித்துவிடும். கல்விக் கட்டண விலக்கோடு உதவித்தொகை கிடைத்தால், அல்லது பல்கலைக்கழக நூலகத்திலேயே உதவியாளர் வேலையும் சேர்த்துக் கொடுத்தால் தயங்காமல் போங்கள். அப்படிக் கிடைக்க உங்கள் கையில் ஏற்கெனவே செய்த வேலை இருக்க வேண்டும்.

அந்த வேலையை இங்கேயே தொடங்கலாம். முதலில் பி.எல்.ஐ.எஸ்சி., அதாவது நூலகத் தகவல் அறிவியலில் இளங்கலை. ஒரு வருடம், செலவு குறைவு. வேலையை விடாமல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் படிக்கலாம். அடுத்து அதே துறையில் முதுகலையான எம்.எல்.ஐ.எஸ்சி., கூடவே யு.ஜி.சி. நெட் என்கிற தகுதித் தேர்வு. அப்பா சொல்கிற வேலை வழி இதுதான், அதில் அவர் சொல்வது சரி. கல்லூரிகள் "கலை நூலகர் தேவை" என்று விளம்பரம் போடுவதில்லை. உதவி நூலகர் என்று போட்டு நெட் கேட்கிறார்கள். ஆழமாகப் போக விரும்பினால், ரங்கநாதன் 1962-இல் பெங்களூரில் தொடங்கிய ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் முதுகலையும் உண்டு. கலை வரலாறுதான் முதலில் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் வதோதரா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் இருக்கிறது. அங்கே முடித்துவிட்டு நூலகப் பட்டத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: அருங்காட்சியகக் காப்பாட்சியராகவோ பேராசிரியராகவோ ஆவதுதான் உங்கள் கனவு என்றால் இரட்டை முதுகலை அதற்கு நேர்வழி அல்ல. கலை வரலாற்றில் முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும்.

படிப்போடு கூடவே, உங்களைச் சுற்றி இருக்கிற ஒரு சிறு தொகுப்பைக் கையில் எடுங்கள். நீங்கள் படித்த கவின் கலைக் கல்லூரியில் பழைய மாணவர்களின் ஓவியங்கள் இருக்குமே, அனுமதி வாங்கி நூறு ஓவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ஊரில் மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டி. தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைக் காப்பாற்ற பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டமே நிதி கொடுத்திருக்கிறது, அதனால் இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு எக்செல் தாள் போதும். படைத்தவர் பெயர், தலைப்பு, காலம், ஊடகம், உயரமும் அகலமும் சென்டிமீட்டரில், ஓவியத்தில் எழுதியிருப்பது அப்படியே, இப்போது இருக்கும் இடம், யாரிடமிருந்து வந்தது, யாருக்கு உரிமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை.

இதில் நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்று உண்டு. பொருளையும் அதன் படத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்குச் சோழர் காலம் என்று ஒரு காலம், புகைப்படத்துக்கு 1994 என்று இன்னொரு காலம், அந்தப் படத்தை ஸ்கேன் செய்த நாள் மூன்றாவது. மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பிய அட்டவணைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும். வழக்குக்கு உயிர் கொடுத்தது இரண்டாவது தேதி. உங்களுக்குத் தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஊகித்து நிரப்பினால் அடுத்து வருகிறவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

அந்த நூறு முடிந்ததும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் உங்கள் தாளை இணைத்து ஒரு கடிதம் எழுதுங்கள், பயிற்சிக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். வெறும் ஆர்வத்தை எழுதிய கடிதத்தைவிட, செய்த வேலையை இணைத்த கடிதத்தை யாரும் கவனமாகப் படிப்பார்கள். பிறகு அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தாலும் நோக்க அறிக்கையில் முதல் பத்தி உங்களுக்குத் தயாராக இருக்கும்.

அப்பாவிடம் இன்றே பேசுங்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், இந்த வருடம் பி.எல்.ஐ.எஸ்சி. கட்டணம் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். சேர்க்கை அறிவிப்பு எப்போது வருகிறது என்று பல்கலைக்கழகத் தளத்தில் பார்த்து வையுங்கள். தாளில் முதல் பத்து வரிசை முடிந்ததும் இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள், எங்கே திருத்த வேண்டும் என்று படித்துச் சொல்கிறேன்.