குழு சிகிச்சை நடத்தும்போது ஒருவர்மேல் மட்டும் எரிச்சல் வருகிறது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?

புதிதாகக் குழு நடத்த ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்கூட இல்லை, தூக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு குடிநோய் மையம். புதன்கிழமை சாயந்தரம் எட்டுப் பேர். (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.) அதில் ஒரு பெரியவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. போதையில் சுலோச்சன முதலியார் பாலத்தில் வேட்டி இல்லாமல் நடந்த கதையைச் சொன்னால் அறையே குலுங்கும். எனக்கோ அவர் வாயைத் திறந்தாலே கண் சொருகும். சித்திரை வெயில், மதியச் சாப்பாடு என்று ஏதோ காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம், மகள் நிச்சயதார்த்தப் பந்தியில் விழுந்த கதையை எடுத்தார். எல்லோரும் சிரிக்க, நான் "போதும் அண்ணாச்சி" என்றேன். அந்தக் குரல் என் அம்மாவுடையது.

அப்பா குடித்தவர். ராத்திரி நடந்ததைக் காலையில் வேடிக்கையாக்கி, முக்கூடலில் எங்கள் தெருவையே சிரிக்க வைப்பார். அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருப்பாள்.

அறையில் சத்தமே இல்லை. கடைசியில் ஒரு சின்னப் பையன், "எனக்கும் அப்படித்தான் மேடம் இருந்துச்சு. சிரிக்காட்டா மரியாதை இல்லன்னு சிரிச்சேன்" என்றான். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

என் வேலையை மேற்பார்வை பார்க்கும் அக்காவிடம் அழுதேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கோபத்துல உங்க அப்பா எவ்வளவு, அண்ணாச்சி எவ்வளவு, மத்த ஏழு பேர் எவ்வளவு?" தனி ஆளிடம் பேசும்போது மூன்றாவது கணக்கு கிடையாது. குழுவில் உண்டு. வாய்விட்டுச் சொல்லாத கோபத்தை எல்லோருமாகச் சேர்ந்து, குழுவை நடத்துபவர் தலையில் இறக்கிவிடுவார்கள்.

சிகிச்சைக்கு வருபவர்மேல் சிகிச்சை கொடுப்பவருக்குள் இப்படிக் கிளம்பும் உணர்வுகளுக்குக் கவுண்டர்டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். 1910-ல் ஃப்ராய்ட், மருத்துவர் தனக்குள் கண்டுபிடித்துக் கடக்க வேண்டிய ஒன்றாகத்தான் இதைச் சொன்னார். 1950-ல் பவுலா ஹைமன் என்ற உளப்பகுப்பாய்வாளர், நோயாளியைப் புரிந்துகொள்ள இதுவே ஒரு கருவி என்றார். அதற்காக வாயில் வந்ததைக் கொட்டலாம் என்று நான் சொல்லவில்லை. நான் கொட்டியது தப்பு. "இந்தக் கதையைக் கேக்கும்போது மத்தவங்களுக்கு என்ன தோணுது?" என்று குழுவைக் கேட்டிருக்க வேண்டும். 'உன் காயத்தையே ஆற்றாமல் ஊருக்கு மருந்தா' என்று வரப்போகிறவர்களுக்கு: நானும் சிகிச்சை எடுத்துக்கொண்டவள்தான்.

இன்னொரு வயிற்றெரிச்சல். வெளியூரிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த ஒருவர், "கோபம் வந்தால் இந்தத் தொழிலை விட்டுவிடுங்கள்" என்று மேடையில் சொல்லிவிட்டு, சாயந்தரம் என்னை நெல்லையப்பர் கோயில் எதிரே அல்வா வரிசையில் நிறுத்தினார். இரண்டு கிலோ. காசு இன்னும் வரவில்லை.

சரி, அண்ணாச்சிக்கு வருகிறேன். அடுத்த புதன் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன தாயி, எம்மவ இதையேதான் சொல்லிட்டு எந்திச்சுப் போவா" என்றார். அப்புறம் அந்தப் பந்திக் கதையின் மீதியைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.