குடியாத்தம் பக்கம் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகளை எழுத வைக்க இணையத்தில் உருப்படியாக என்ன இருக்கிறது?

முதலில் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இலவசத் தளம், தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் கிடைக்கும். படிக்க வைப்பதோடு நிறுத்தாதீர்கள். எழுத்தை மறைத்துப் படங்களை மட்டும் காட்டி, கதையைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் மூலக் கதையைக் காட்டலாம். எட்டாம் வகுப்புக்குப் பொம்மைக் கதையா என்று சிலர் முணுமுணுப்பார்கள், விடுங்கள்.

கட்டுரைக்குத் தமிழ் விக்கிப்பீடியா. பார்த்து எழுதிவிடுவார்களே என்பீர்கள். சரிதான், அதனால் கேள்வியை மாற்றுங்கள். 'வேலூர்க் கோட்டை பற்றி எழுதுக' என்றால் நகல்தான் வரும். '1806 ஜூலை 9 இரவு, கோட்டைக்குள் இருக்கும் சிப்பாய் ஒருவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான்' என்று கொடுத்துப் பாருங்கள். மறுநாள் விடியும் முன்பே புரட்சி வெடித்தது. புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடை, திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்தது என எல்லாத் தகவலையும் தேடித்தான் ஆக வேண்டும். ஆனால் சிப்பாயின் கோபத்தையும் பயத்தையும் எங்கிருந்தும் நகலெடுக்க முடியாது.

எழுத்துப்பிழை பார்க்க 'வாணி' பிழைதிருத்தி இருக்கிறது. அதை இரண்டாவது வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவிலேயே சிவப்புக் கோடு விழுந்தால் பிள்ளை தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். கணினி அறை பூட்டியே கிடக்கிறதென்றால் உங்கள் கைபேசி ஒன்றே போதும்: படத்தையும் கேள்வியையும் நீங்கள் காட்டுங்கள், அவர்கள் நோட்டில் எழுதட்டும்.