கணக்கு டீச்சர் பதில்கள்: 52-ல் 27 போனால் 35?

தொடக்கப் பள்ளிக் கணக்கு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, திண்டுக்கல் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறான். 64-ல் 38 போனால் 34 என்கிறான். தினமும் பத்துக் கணக்கு போட வைக்கிறேன். அன்றைக்குச் சரியாக வருகிறது; மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. இந்த விளையாட்டுத்தனத்தை எப்படித் திருத்துவது? (ஒரு தாய், ஒட்டன்சத்திரம்)

பதில்: இதில் விளையாட்டுத்தனம் எங்கே அம்மா இருக்கிறது? கவனமில்லாமல் போடுகிற பிள்ளைக்கு ஒரு நாள் 24 வரும், ஒரு நாள் 29 வரும். உங்கள் மகன் இரண்டு கணக்கிலும் ஒரே தப்பைப் பிசகாமல் செய்திருக்கிறான். 2-ல் 7 போகாது. அதனால் 7-ல் 2-ஐக் கழித்து 5 போட்டான். 4-ல் 8 போகாது. 8-ல் 4-ஐக் கழித்து 4 போட்டான். 'பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்' என்று ஒன்றாம் வகுப்பில் அவனுக்குச் சொன்னது யார்? எங்களைப் போன்ற டீச்சர்கள்தான். அதை அவன் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பத்துக் கணக்கு மருந்தில்லை. பழைய தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஒரே நீளமாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள். கட்டுவதை அவனே செய்யட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் பாதிப் பாடம் போச்சு. 5 கட்டையும் 2 உதிரியையும் அவன் முன்னால் வைத்து, "எனக்கு 27 குச்சி கொடு" என்று கையை நீட்டுங்கள். 2 கட்டைக் கொடுப்பான். அப்புறம் அந்த 2 உதிரியைப் பார்ப்பான், உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். பொறுத்திருங்கள். என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு கட்டைப் பிரித்துவிடுவார்கள். 12 உதிரி ஆகிவிடும், அதில் 7-ஐ எடுத்துத் தருவான். மீதி எத்தனை என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்து 25 என்பான். நோட்டில் 35 என்று இருக்கும். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அவனே சொல்லட்டும்.

எழுத்துக் கணக்கு அதற்கு அப்புறம். 5-ஐ அடித்து 4 ஆக்கி, 2-ஐ 12 ஆக்குகிறோமே, அது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றிய வேலைதான் என்று, குச்சியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. மளிகைக் கடையில் 73 ரூபாய் சாமானுக்கு 100 ரூபாய்த் தாளை நீட்டினால் பழைய கடைக்காரர்கள் கழித்துப் பார்ப்பதே இல்லை. 2 ரூபாயை வைத்து "எழுபத்தைந்து", 5 ரூபாயை வைத்து "எண்பது", 20 ரூபாயை வைத்து "நூறு". கையில் 27 ரூபாய் வந்துவிடும். 27-லிருந்து 52-க்கும் அப்படியே நடக்கலாம்: 3 போட்டால் 30, இன்னும் 20 போட்டால் 50, இன்னும் 2. ஆக 25. நடுவில் பூஜ்ஜியம் வந்து பிள்ளைகளை மிரட்டுகிற 300-ல் 127 மாதிரிக் கணக்குகளில் இந்த வழி ரொம்பச் சௌகரியம்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் 16 வரை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறார்கள். ராகம் போட்டு ஒப்பிக்கிறாள். ஆனால் 'ஏழெட்டு எவ்வளவு' என்று குறுக்கே கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். (ஒரு தந்தை, திருப்பூர்)

பதில்: பாட்டின் நடுவரியைக் கேட்டால் நாமும் முதலிலிருந்துதான் பாடிப் பார்ப்போம் சார். அவளுக்கு அது பாட்டாக இருக்கிறது, பெருக்கலாக இல்லை.

மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரக்கச் சொல்லித்தான் படித்தார்கள். முழு எண் மட்டுமல்ல, பதினாறில் ஒரு பங்கான மாகாணி, 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் அதில் வாய்ப்பாடு இருந்தது. நெல் அளக்கவும் வட்டி பார்க்கவும் அது வேண்டியிருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு 16-ஆம் வாய்ப்பாடு எதற்கு என்று அந்தப் பள்ளிக்காரர்களைக் கேளுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். 1 முதல் 10 வரை கட்டம் போட்டால் பெருக்கல் 100 கட்டம். பார்த்தாலே பயம். ஆனால் மூவேழும் ஏழுமூன்றும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டால் 55 கட்டம்தான் மிச்சம். இதைப் புரிய வைக்கத் தரையில் 3 வரிசையாக, வரிசைக்கு 7 புளியங்கொட்டை அடுக்கிவிட்டு, அவளை எழுந்து பக்கவாட்டில் போய் உட்காரச் சொன்னால் போதும். அந்த 55-ல் 1, 2, 5, 10 வருகிற கட்டங்களையெல்லாம் அடித்துவிடுங்கள், அவை அவளுக்கு ஏற்கெனவே வரும். மீதி வெறும் 21. அதிலும் ஒன்பதை, 'பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைவு' என்று பிடித்துக்கொண்டால் 15-தான் பாக்கி. அந்தப் பதினைந்தை வாரத்துக்கு இரண்டாகப் பழகினால் போதும். ஏழெட்டு வரவில்லையா, ஐயெட்டு 40, ஈரெட்டு 16, கூட்டினால் 56. இப்படி வழி தெரிந்த பிள்ளை மறந்துபோனாலும் நடுவழியில் நிற்காது.

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 1, 2, 3 வகுப்புகளும் ஒரே அறையில். சிலர் 20 வரை எண்ணவே தடுமாறுகிறார்கள், சிலர் பெருக்கலுக்கு வந்துவிட்டார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று மட்டமாகக் குழு பிரித்தாலும், ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்ற இரண்டும் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. (இடைநிலை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்)

பதில்: தம்பி, கல்வி உரிமைச் சட்டமே தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்றுதான் சொல்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஆகவே இது உங்கள் திறமைக் குறைவு இல்லை, முதலில் அதை மனசிலிருந்து எடுங்கள்.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குழு பிரிக்கச் சொன்னது. அதற்கு முன்னால் செயல்வழிக் கற்றலில், பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொரு படியாக ஏற, அட்டையும் ஏணிப்படியும் இருந்தன. இரண்டின் நோக்கமும் எனக்குப் பிடிக்கும். ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் பிடிக்காது. உங்கள் பக்கம் தக்காளி அதிகம். சந்தையில் அம்மாவோடு கூறு கட்டி விற்கிற பிள்ளை, எண் எழுதத் தெரியாமல் அரும்பில் இருக்கும். கூறு 20 ரூபாய் என்றால் 4 கூறுக்குக் கண் மூடித் திறப்பதற்குள் காசு சொல்லும். அந்தப் பிள்ளையை எந்தக் குழுவில் வைப்பீர்கள்?

அதனால் வாரத்தில் ஓரிரு நாள் குழுவைக் கலைத்துவிட்டு, ஒரே விளையாட்டை மூன்று மட்டத்துக்கும் கொடுங்கள். பல்லாங்குழியே போதும். 14 குழி, குழிக்கு 5 கொட்டை. சின்னவர்கள் எண்ணிப் போடட்டும். அடுத்தவர்கள், ஆட்டம் முடிந்ததும் யாரிடம் எத்தனை அதிகம் என்று சொல்லட்டும். பெரியவர்கள் எண்ணாமலேயே மொத்தம் எத்தனை கொட்டை என்று கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் நோட்டோடு சுற்றி வந்து, யார் எப்படி எண்ணுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணித உபகரணப் பெட்டி பீரோவில் இருந்தால் வெளியே எடுங்கள். தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற பயம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பயம் விடவில்லை என்றால் புளியங்கொட்டைதான். தொலைந்தால் எந்த அதிகாரியும் விளக்கம் கேட்கமாட்டார்.

'நூற்று ஐந்து' என்றால் 1005 எழுதுகிற பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறது: 100, அப்புறம் 5. பழைய காலண்டர் அட்டையில் 100, 40, 5 என்று எழுதி வெட்டுங்கள்; ஒரு இலக்கத்துக்கு ஒரு கட்டம் அகலம். வலது ஓரம் சேர்ந்திருக்கும்படி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், 100-ன் பூஜ்ஜியங்களை மறைத்துக்கொண்டு 145 தெரியும். நடுவிலுள்ள 40-ஐ உருவினால் 105. ஒளிந்திருந்த பூஜ்ஜியம் எட்டிப் பார்க்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி: மகன் இன்னும் விரல் விட்டு எண்ணுகிறான். கையைக் கட்டிக்கொண்டு போடச் சொல்லலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வேண்டாம். நம் பாட்டிகள் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு, ஒரே கையில் ஒரு டஜன் எண்ணினார்கள். 3-ம் 6-ம் கூட்ட அவன் ஒன்றிலிருந்து தொடங்குகிறானா, ஆறை மனதில் வைத்து 'ஏழு, எட்டு, ஒன்பது' என்கிறானா என்று மட்டும் பாருங்கள். முதலாவது என்றால் இரண்டாவதைப் பழக்குங்கள். விரல் தானாக மடங்கிவிடும்.

கேள்வி: அபாகஸ் வகுப்பு? (வாசகர், சேலம்)

பதில்: பிள்ளைக்குப் பிடித்தால் அனுப்புங்கள், வேகம் வரும். ஆனால் எப்போது கூட்டுவது, எப்போது வகுப்பது என்பது அதிலிருந்து வராது. அந்தக் காசுக்கு வீட்டில் தாயக்கட்டையும் பரமபத அட்டையும் வாங்கி, கூட உட்கார்ந்து ஆடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: பேத்தி நான்காம் வகுப்பு. 'மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்றால் கூட்டு' என்று டியூஷனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாக்கியக் கணக்கு பாதி தப்பாகிறது. (ஒரு தாத்தா, மன்னார்குடி)

பதில்: பாதி சரியாக வருவதே அதிர்ஷ்டம் ஐயா. 'மீனாவிடம் 12 மாங்காய் இருக்கிறது. அது குமாரிடம் இருப்பதைவிட 5 அதிகம். குமாரிடம் எத்தனை?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் 17 என்று எழுதிவிடுவாள்.

எண்களை எடுத்துவிட்டுக் கணக்கைச் சொல்லுங்கள்: 'மீனாவிடம் கொஞ்சம் மாங்காய். குமாரைவிட அவளிடம் அதிகம்.' யாரிடம் குறைவு என்று கேட்டால் குமார் என்று உடனே சொல்வாள். பிடித்துக்கொள்ள எண் இல்லாததால் கதையைத்தான் கேட்டாக வேண்டும். அப்புறம் எண்ணைப் போடுங்கள், 17 வராது. வாரம் ஒரு முறை வேலையைத் திருப்பியும் போடலாம்: '12-ல் 5 போனால் 7, இதற்கு நீ ஒரு கதை சொல்லு.' அதில் 'மீதி' என்ற சொல் வரக்கூடாது என்று நிபந்தனை வைத்தால் இன்னும் நல்லது.

பின்னக் கணக்கு பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, அவை அடுத்த இதழில். எழுதுகிறவர்கள் பிள்ளையின் நோட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். தப்பை அழித்துச் சரியான விடை எழுத வைத்த பக்கம் எனக்கு உதவாது. டீச்சரின் சிவப்பு மையோடு அப்படியே வேண்டும்.