விபூதி பாதம்: கேட்டவையும் பதில்களும்

பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் மூன்றாம் பகுதி, அதாவது சித்திகளை (அரிய ஆற்றல்களை) சொல்லும் விபூதி பாதம் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்ததில் பாதி வேறு எதைப் பற்றியோ. 3.4 என்றால் மூன்றாம் பாதம், நான்காம் சூத்திரம். எண்கள் பதிப்புக்குப் பதிப்பு ஒன்று முன்பின் இருக்கும், அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி: தாரணை, தியானம், சமாதி தெரியும் அம்மா. சம்யமம் என்பது நான்காவது படியா?

இல்லை. மனத்தை ஓரிடத்தில் கட்டி நிறுத்துவது தாரணை. அந்த ஒரே எண்ணம் இடையறாமல் ஓடினால் தியானம். தியானிப்பவன் என்ற நினைப்பும் கரைந்ததுபோலாகிப் பொருள் மட்டும் ஒளிர்ந்தால் சமாதி. மூன்றும் ஒரே பொருளின் மீது கூடினால் அந்தக் கூட்டுக்குப் பெயர்தான் சம்யமம் (3.4). 'இன்னதில் சம்யமம் செய்தால் இன்னது கிட்டும்' என்றுதான் பாதம் முழுக்க நடக்கிறது. சூரியனில் செய்தால் உலகங்களைப் பற்றிய அறிவு, சந்திரனில் விண்மீன்களின் அமைப்பு, துருவ நட்சத்திரத்தில் அவற்றின் இயக்கம், நாபியில் உடலின் அமைப்பு. பட்டியலில் பெரும்பகுதி அறிதல்தான். பறப்பதும் மறைவதும் கொஞ்சம். ஆனால் கேள்விகள் எல்லாம் அந்தக் கொஞ்சத்தைப் பற்றியே வருகின்றன.

கேள்வி: மேடம், நேற்றுத் தியானத்தில் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. இது சமாதியா?

தூங்கியிருப்பீர்கள். உறக்கமும் மனத்தின் ஐந்து விருத்திகளில், அதாவது இயக்கங்களில், ஒன்று என்கிறார் பதஞ்சலி (1.10). ஒன்றும் தெரியாமல் கிடப்பது அந்தக் கணக்கில்தான் சேரும்.

கேள்வி: அடுத்தவர் மனத்தை அப்படியே படிக்க முடியுமா?

அப்படியே முடியாது. பிறர் எண்ணத்தின் மீது சம்யமம் செய்தால் அவர் மனம் தெரியும் என்று ஒரு சூத்திரம், ஆனால் அந்த எண்ணம் எதைப் பற்றியது என்பது தெரியாது என்று அடுத்த சூத்திரம் (3.19, 3.20). இவன் ஆசை வயப்பட்டிருக்கிறான் என்று யோகிக்குத் தெரியும், யார்மீது, எதன்மீது என்று தெரியாது என்கிறார் சூத்திரத்துக்குப் பழைய உரை எழுதிய வியாசர். இதற்காகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வியாசர் உரை இல்லாமல் சூத்திரத்தை மட்டும் படிக்காதீர்கள்.

கேள்வி: தொண்டைக் குழியில் சம்யமம் செய்தால் பசி, தாகம் நிற்கும் என்று இருக்கிறதே (3.30). சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே பழகலாமா?

கூடாது. பசி நிற்பது சம்யமத்தின் பலன், பட்டினி அதற்கு வழி அல்ல. யோகத்துக்கு ஒன்பது தடைகளைச் சொல்லும் இடத்தில் (1.30) முதல் தடையே நோய். அதை நீங்களாகப் போய் வரவழைக்க வேண்டாம்.

கேள்வி: குண்டலினி எத்தனையாவது சூத்திரம்?

எதிலும் இல்லை. ஹடயோக நூல்களில் தேடுங்கள்.

கேள்வி: திருமூலர் சொல்லும் அட்டமாசித்தியும் இதுவும் ஒன்றுதானா?

திருமந்திரம் என் துறை அல்ல, சைவ சித்தாந்தம் முறையாகக் கற்றவரைக் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நம்மிடையே வழங்கும் எட்டில் கரிமா (மிகக் கனமாவது) உண்டு. அணிமா (அணுவாகச் சிறுப்பது) முதலியவற்றைச் சொல்லும் 3.45க்கு வியாசர் தரும் எட்டில் அது இல்லை. நினைத்தது நினைத்தபடி நிறைவேறும் ஆற்றல் அவர் பட்டியலின் கடைசி.

கேள்வி: சித்திகள் தடை என்று பதஞ்சலியே சொல்லிவிட்டார் (3.37). பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சி?

இதை எல்லாரும் சொல்கிறார்கள், பக்கத்துச் சூத்திரத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 'இவை சமாதிக்கு இடையூறு, வெளியே திரும்பிய மனத்துக்குச் சித்தி' என்கிறது 3.37. 'இவை' என்றால் சற்று முன் 3.36இல் சொன்ன ஆறு என்று வியாசர் உரை காட்டுகிறது: தானே உதிக்கும் அறிவு, தெய்விகமான கேட்டல், தொடுகை, காட்சி, சுவை, மணம். அதற்குப் பிறகுதான் வானில் செல்வதும் அணிமாவும் வருகின்றன. எல்லாவற்றையும் விலக்கியவர் விலக்கிய கையோடு அடுத்த சித்திகளைச் சொல்லத் தொடங்குவாரா?

அதே நண்பர்: ஆறு தடை, மற்றவை தடை இல்லையா? வாதத்துக்காகப் பிரிக்கிறீர்கள்.

மற்றவற்றில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது என்கிறேன். எல்லாம் அறிவதும் எல்லாவற்றையும் ஆள்வதும் 3.49இல் வருகின்றன. அதிலும் பற்று விட்டால்தான் கைவல்யம், அதாவது முழு விடுதலை, என்கிறது 3.50. அடுத்தது இன்னும் சுவையானது. தேவர்கள் வந்து அழைக்கிறார்கள்: இங்கே அமருங்கள், இந்தப் போகத்தைப் பாருங்கள், இது மூப்பையும் சாவையும் தடுக்கும் மருந்து, இது வானூர்தி. ஆசைப்படாதே என்பதோடு வியாசர் நிற்கவில்லை. 'தேவர்களே என்னைக் கெஞ்சுகிறார்கள்' என்ற பெருமிதமும் ஆகாது என்கிறார். மறுப்பதில் ஒளிந்திருக்கும் கர்வத்தையும் பிடித்துவிடுகிறார், அதுதான் எனக்கு இந்த உரையில் மிகப் பிடித்த இடம்.

இன்னொருவர்: அப்படியானால் சித்தி வராதவருக்குக் கைவல்யம் கிடையாதா அம்மா?

நல்ல கேள்வி, வாதம் முடிய வேண்டிய இடமும் இதுதான். பாதத்தின் கடைசிச் சூத்திரத்துக்கான உரையில், ஆற்றல்கள் உள்ளவனானாலும் இல்லாதவனானாலும் கைவல்யம் உண்டு என்று வியாசர் தெளிவாகச் சொல்கிறார். வேண்டியது புருஷன் (ஆன்மா) வேறு, புத்தி வேறு என்ற விவேகம். சித்தி குற்றமும் இல்லை, தகுதிச் சான்றும் இல்லை.

அதே நண்பர்: தேவையே இல்லாததை ஏன் இவ்வளவு நீளமாக எழுத வேண்டும்?

1.35க்கான உரையைப் படியுங்கள். மூக்கு நுனியில் மனம் நிறுத்தினால் தெய்விக மணம், நாக்கு நுனியில் சுவை என்று சொல்லிவிட்டுக் காரணமும் தருகிறார் வியாசர்: சாத்திரம் சொன்னதில் ஒரு பகுதியையாவது நேரில் காணும்வரை மற்றதில் உறுதி பிறக்காது. பயிற்சியில் இருப்பவனுக்கு நம்பிக்கை வருவதற்காக அது. ஊராருக்குக் காட்ட அல்ல. இதற்கு மேல் இதே கேள்வி வந்தால் பதில் இல்லை.

கேள்வி: யோகியால் சூரியனை மேற்கே உதிக்க வைக்க முடியுமா?

ஆற்றல் இருந்தாலும் பொருள்களின் ஒழுங்கைத் தலைகீழாக்க மாட்டான் என்று வியாசர் சொல்கிறார் (3.45). அவனுக்கு முன்பே சித்தனான ஒருவன், அவை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சங்கற்பித்திருக்கிறான். அதில் யோகி கை வைப்பதில்லை.

கேள்வி: எத்தனை நாளில் பறக்கலாம்?

இது நான்காவது முறை. சூத்திரத்தில் (3.42) நாள் கணக்கு இல்லை. நெடுங்காலம், இடைவிடாமல், அக்கறையோடு என்பது 1.14. உடனே மாடிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: மூலிகையாலும் சித்தி வரும் என்று நான்காம் பாதத்தில் இருக்கிறதாமே. எந்த மூலிகை?

இருக்கிறது. பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி என்று ஐந்து வழிகள் (4.1). ஆனால் அவற்றில் தியானத்தால் உண்டான சித்தத்தில்தான் வினையின் படிவு இல்லை (4.6), அதையும் சேர்த்துப் படியுங்கள். மூலிகையின் பெயரைப் பதஞ்சலி சொல்லவில்லை. அசுரர் மாளிகைகளில் ரசாயனத்தால் (மூப்பைத் தடுக்கும் மருந்தால்) என்று வியாசர் ஒரு வரி எழுதியிருக்கிறார். முகவரி தரவில்லை.